மேக்லோங் ஆற்றங்கரையில் ஒரு நாள்

நூலைக் கற்றல் ஒருவகைக் கல்வி. நாட்டைக் கண்டு கற்றல் மற்றொருவகைக் கல்வி. முன்னதற்கு ஆசிரியர் துணை வேண்டும். பின்னதற்கு வழிகாட்டி ஒருவனும், கேட்கத் தெரிந்த மனமும் வேண்டும். வழிகாட்டி காட்டியவற்றை மட்டும் கண்டு மீள்வோன் கண்ணுக்கு விருந்து பெற்றவனாவான், கற்றவன் ஆகான். ஆதலின் யாத்திரை செய்யப் புகும் மாணாக்கன் ஒவ்வோரிடத்தும் மூன்று வினாக்களைத் தன்னுள்ளே எழுப்பிக்கொள்ளுதல் நலம். இதனை ஆக்கியவர் யாவர்? யாது கருதி ஆக்கினர்? ஆக்கியவருடைய பெயர்கள் எங்கே உள்ளன? இம்மூன்றனையும் கைவிளக்காகக் கொண்டு, சயாம் என்று நம் முன்னோர் வழங்கியதும், 1939ஆம் ஆண்டில் தாய்லாந்து எனப் பெயர் மாறியதுமாகிய நாட்டிலே ஒரு நாட் செலவு சென்று வருவோம்.

ஆறுகளின் கிடக்கை

அந்நாட்டின் தலைநகராகிய பாங்கொக், சாவ் பிரயா என்னும் பேராற்றின் கரையிலுள்ளது. அதற்கு மேற்கே தா சின் ஆறும், அதற்கும் மேற்கே மேக்லோங் ஆறும் ஓடுகின்றன. மூன்றும் வடக்கினின்று தெற்கு நோக்கிப் பாய்ந்து சயாம் குடாக்கடலில் விழுவன. ஆறுகள் இவ்வாறு ஓடுதலின், கிழக்கு மேற்காகச் செல்ல விழைவோர்க்கு அவை உதவுவதில்லை. ஓர் ஆற்றினின்று மற்றோர் ஆற்றிற்குப் படகிற் செல்லவேண்டின், கடல்வாய்வரை இறங்கிச் சுற்றிவருதல் வேண்டும். அன்றேல் வளைந்து நெளிந்த சிறு கழிகளை நாடுதல் வேண்டும்.

மேக்லோங் ஆற்றின் பிறப்பையும் ஈண்டு அறிந்துகொள்வோம். பர்மா எல்லைப்புறத்து மலைநாட்டினின்று குவே யாய், குவே நொய் என்னும் இரண்டு ஆறுகள் இறங்கி வருகின்றன. யாய் என்பது பெரிது; நொய் என்பது சிறிது. இவ்விரண்டும் காஞ்சனபுரி என்னும் நகரிலே கூடி மேக்லோங் ஆகின்றன. அவ்வாறு பான் பொங், ராச்சபுரி ஆகிய ஊர்களின் வழியே ஓடி, சமுத் சொங்கிராம் என்னும் ஊரையடுத்துக் கடலிற் கலக்கிறது.

பாங்கொக்கிலுள்ள பிரயாண ஏற்பாட்டாளர் விருந்தினரை ஒரே நாளில் இரண்டு காட்சிகளுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். காலையில் தம்னோன் சதுவாக் என்னும் நீர்ச் சந்தை. பிற்பகலில் காஞ்சனபுரிப் பாலம். இரண்டும் தொடர்பற்ற வேடிக்கைகள்போலத் தோன்றும். ஆனால் கடல்வாய்க்கு அண்மையிலுள்ள சந்தையும், மேலே மலையடியிலுள்ள பாலமும் ஒரே ஆற்றினைச் சார்ந்தவை. நாம் இற்றை நாளில் அவ்வாற்றினை எதிரேறிச் செல்வோம்.

வெட்டிய வழி

பாங்கொக்கினின்று தென்மேற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் செல்லவேண்டுமாதலின், விடியுமுன்னரே மோட்டார் வண்டியிற் புறப்படுதல் வேண்டும். பொழுது புலரும் வேளையில் நம் கண்முன் ஒரு கால்வாய் தோன்றும். அது நேர்கோடு கிழித்தாற்போலக் கிடத்தலைக் கண்டவுடன், இயற்கை ஆறன்று, மனிதர் வெட்டியது என்பது விளங்கும். தம்னோன் என்பது செல்லுதல். சதுவாக் என்பது எளிது. எளிதாய்ச் செல்லும் வழி என்பதே அதன் பெயர்.

சக்கிரி மரபின் நான்காம் அரசராகிய மோங்குட் 1851 முதல் 1868 வரை ஆண்டவர். அரசராகுமுன் இருபத்தேழு ஆண்டுகள் துறவியாயிருந்து, பிரெஞ்சுப் பேராயர் ஒருவரிடம் இலத்தீனும், அமெரிக்க மிஷனெரிமாரிடம் ஆங்கிலமும் பயின்றவர். அவர் காலத்தில், 1855ஆம் ஆண்டில், ஆங்கிலேயருடன் ஒரு வர்த்தக உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் பயனாக அரிசியும் சர்க்கரையும் அயல்நாடுகளுக்கு மிகுதியாக ஏற்றுமதியாகத் தொடங்கின. விளைபொருள் துறைமுகம் சேர வழி வேண்டுமன்றோ? ஆதலின் மேக்லோங் ஆற்றினையும் தா சின் ஆற்றினையும் இணைக்கும் இக்கால்வாயை 1866ஆம் ஆண்டில் தொடங்கி 1868ஆம் ஆண்டில் முடித்தனர். நீளம் ஏறக்குறைய 32 கிலோமீட்டர். நான்கு கிலோமீட்டருக்கு ஒன்றாக எல்லைத் தூண்கள் நட்டனர். ஐந்தாம் தூண் என்னும் பொருள்படும் ஊர்ப் பெயர் இன்றும் அங்கே வழங்குகிறது. இதன் கீழ்ப்பக்கத் தொடர்ச்சிபோல, தா சின் ஆற்றினைப் பாங்கொக்குடன் இணைக்கும் பாசி சரோன் என்னும் கால்வாய் 1867ஆம் ஆண்டில் தொடங்கி 1872ஆம் ஆண்டில் முடிந்தது. வரிவளம் என்னும் பொருள்பட்ட அதன் பெயரே வரலாறு கூறும். அபின் வரிப் பணமே அதற்கு மூலதனம்.

வெட்டியவர் யாவர்? முற்காலத்தில் சயாமியக் குடிகள் ஆண்டுதோறும் சில மாதம் அரசனுக்கு ஊதியமின்றி உழைக்கக் கடமைப்பட்டிருந்தனர். நம் நாட்டுச் சாசனங்கள் வெட்டி என்று குறிக்கும் ஊழியம் அதுவே. மோங்குட் அரசர் காலத்திலோ, கூலிக்கு அமர்ந்த சீனரைக்கொண்டு கால்வாய் வெட்டும் முறை பரவலாயிற்று. தென்சீனத்தினின்று கப்பலேறி வந்த அவ்வேழைகள் சேற்றை வெட்டிச் சுமந்து கரையிற் கொட்டினர். தம்னோன் சதுவாக் வெட்டியதில் அரசனுடைய படையாட்களும் உள்ளூர்க் குடிகளும் பங்குகொண்டனர் என்பர். வேலையை மேற்பார்த்த பெருமந்திரி சுரியவொங்ஸ் என்பாருடைய பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. மண்வெட்டி பிடித்தவருள் ஒருவருடைய பெயரும் நம் காதில் விழுவதில்லை. ஆயினும், வெட்டியவருட் பலரும் அவர்தம் இனத்தாரும் அக்கரைகளிலேயே குடியேறினர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே தோட்டம் வைத்து வாழ்கின்றனர். வெட்டிய கை விதைத்து உண்ணவும் பெற்றது. இதனை நினைவில் வைத்துக்கொள்க; பிற்பகலில் இஃது நமக்கு வேண்டப்படும்.

நீர்ச் சந்தை

இனிச் சந்தையைக் காண்போம். தலாட் நாம் என்பது அதன் தாய் மொழிப் பெயர். தலாட் என்பது சந்தை, நாம் என்பது நீர். மூன்று பலகைகளால் ஆனது என்னும் பொருளுடைய சீனச் சொல்லால் சம்பான் என்று வழங்கும் சிறு படகுகள் நெருங்கி நிற்கின்றன. படகோட்டுவோர் பெரும்பாலும் மகளிர். ஓலையால் முடைந்த அகன்ற தொப்பி அவர்தம் தலையில் உள்ளது. அதன் உள்ளே மூங்கிற் சட்டம் ஒன்று தலையினின்று தொப்பியைச் சற்றே உயர்த்தி நிறுத்துதலால் காற்று ஊடாடும். வெயிலும் மழையும் தாக்கா. ஒரு படகிலே பொமெலோ என்னும் பெருங்கிச்சிலி. ஒன்றிலே கொய்யாவும் சம்பு நாவலும். மற்றொன்றிலே அடுப்பெரியக் கொதிக்கும் குழம்பும் அரிசிச் சேவையும். வாங்குவோனும் படகில், விற்போனும் படகில். விலை பேசி முடிந்ததும் பண்டமும் பணமும் படகுவிட்டுப் படகு மாறும்.

இச்சந்தை ஏன் நிலத்திற் கூடாது நீரிற் கூடியது என்று கேட்டல் வேண்டும். வீடுகள் கால்வாய்க் கரையில். தோட்டங்கள் கிளைக்கால்வாய்களின் உள்ளே. சாலை என்பது இல்லை. ஒவ்வொரு வீட்டிற்கும் நீரே தெரு, படகே வண்டி. ஆதலின் பெருங்கால்வாயும் கிளைக்கால்வாயும் கூடும் முச்சந்தியிலே படகுகள் தாமே ஒன்றுகூடின.

சந்தை நாளையும் நீரே குறித்தது. அண்மையிலுள்ள தா கா என்னும் ஊர்ச் சந்தை, வளர்பிறையிலும் தேய்பிறையிலும் இரண்டாம், ஏழாம், பன்னிரண்டாம் நாட்களிற் கூடுவது மரபு. நம் வழக்கிற் கூறின் துவிதியை, சப்தமி, துவாதசி. கடலேற்றம் திங்களைப் பின்பற்றுவதென்பதை நாம் பௌதிக பாடத்திற் படிக்கின்றோம். அவ்வேற்றத்தால் கால்வாய் நிரம்பினாலன்றித் தோட்டத்திலிருந்து சரக்குப் படகு வெளிவரல் அரிது. ஆதலின் திதியை நோக்கிச் சந்தை வைத்தனர். நம் ஊர்களிலே செவ்வாய்ச் சந்தை, வெள்ளிச் சந்தை என வாரம் பார்த்துக் கூட்டுகின்றோம். அவர்கள் திங்களைப் பார்த்துக் கூட்டினர். இன்று தா காவில் வார இறுதி நாட்களிலும் சந்தை கூடுகிறது.

நிற்க. தம்னோன் சதுவாக்கில் நாம் இன்று காண்பது பழைய சந்தை அன்று. பழையது லாட் பிளி என்னும் கிளைக்கால்வாயிற் கூடியது. 1970ஆம் ஆண்டையொட்டிச் சாலைகள் வந்தன. தோட்டக்காரர் சரக்கினை லாரியில் ஏற்றினர். நீர்ச் சந்தை மெலிந்தது. பின்னர் விருந்தினரை எண்ணி, மற்றொரு கிளைக்கால்வாயிலே இப்போதைய சந்தை வளர்க்கப்பெற்றது. ஆதலின் பொம்மைகளும் சட்டைகளும் விசிறிகளும் மிகுதியாக விற்கின்றன. நீண்ட தண்டின் முனையிலே விசைச்சக்கரம் பூட்டிய இயந்திரப் படகுகள் இரைச்சலிட்டுக்கொண்டு விருந்தினரைச் சுமந்து திரிகின்றன. இதனைக் கண்டு, எல்லாம் பொய்ம்மை என்று முகஞ்சுளிப்பாரும் உளர். நாம் அங்ஙனம் கருதவேண்டுவதில்லை. முன்பு அரிசிக்கும் சர்க்கரைக்கும் விலை கொடுத்த உலகம் இன்று காட்சிக்கு விலை கொடுக்கின்றது. கால்வாய் மாந்தர் அதனையும் விற்று உண்கின்றனர். அம்பவா என்னும் ஊரிலே, மறைந்துபோன மாலைச் சந்தை 2004ஆம் ஆண்டிலே மீண்டும் தொடங்கிற்று. அங்கே வருவோருட் பெரும்பாலார் பாங்கொக் வாசிகளே.

தோட்டமும் பாளையும்

சந்தையினின்று சிறிது விலகித் தோட்டங்களுக்குள் படகைச் செலுத்தச் சொல்லுதல் நலம். நிலம் களிமண், உயரமோ மிகக் குறைவு, கடலோ அண்மை. மழைக்காலத்தில் வேர் அழுகும். கோடையில் உவர் ஏறும். இவ்விரண்டையும் வெல்லச் சீனக் குடியானவர் ஓர் உபாயம் செய்தனர். இணையிணையாக அகழி தோண்டி, தோண்டிய மண்ணை இடையிலே உயர்ந்த மேட்டுப்பாத்தியாக இட்டனர். மரமும் செடியும் மேட்டில், நீர் அகழியில். மிக்க மழைநீர் அகழியில் வடியும். வறண்ட காலத்தில் அவ்வகழி நீரே பாசனமாகும். அகழியில் அடியிற் படியும் வண்டலை அள்ளி மேட்டிலிட்டால் உரமாகும். அறுத்த காயைச் சுமக்கும் சிறு படகும் அவ்வகழியிலேயே செல்லும். ஓர் அகழியை வடிகாலாகவும் ஏரியாகவும் உரக்குழியாகவும் தெருவாகவும் பயன்கொள்ளும் இவ்வறிவு எந்தப் பாடசாலையிலும் கற்பிக்கப்பெற்றதன்று.

சமுத் சொங்கிராம் பக்கத்தில் தென்னஞ்சர்க்கரை காய்ச்சுவதையும் காணலாம். பனையேறுவோரை அறிந்த நமக்கு அஃது உறவுத் தொழில். தென்னம்பாளையைக் கட்டிச் சீவி, காலையும் மாலையும் இனிய நீரினை இறக்கி, அகன்ற இரும்புச் சட்டியிலே காய்ச்சிக் கிளறி அச்சில் வார்க்கின்றனர். நம்மவர் பதநீர் புளித்துக் கள்ளாகாவண்ணம் கலயத்திலே சுண்ணாம்பு பூசுவர். அங்கே பாயோம் என்னும் மரத்தின் சிராய்களைக் கலத்தில் இடுகின்றனர். அம்மரத்தின் துவர்ப்பு புளிப்பைத் தடுக்கின்றது. வினை ஒன்று, பொருள் வேறு.

ஐந்தாம் ராமா எனப்படும் சூலலங்கோண் அரசர் 1904ஆம் ஆண்டில் அரச கோலம் நீக்கி, சாதாரண உத்தியோகத்தர்போல இப்பக்கங்களிலே படகிற் சுற்றினார். கால்வாய்க் கரையிலே வெங்காயம் பயிரிட்ட சீனக் குடும்பத்துத் தாய் ஒருத்தி, வந்தவர் யாரென்றறியாமல் உணவுண்ண அழைத்தாள் என்றும், அவள் மகன் அரசருடைய படத்தை நினைந்து அவரை அடையாளம் கண்டுகொண்டான் என்றும் கூறுவர். அரசர் அவனுக்குப் பட்டமும் அளித்தார். கால்வாய் வெட்டியவர் பெயர் மறைந்தது; கால்வாய்க் கரையில் ஒரு வேளை சோறிட்டவர் பெயர் நின்றது. பெயரை நிறுத்துவது எழுதி வைத்தவருடைய கவனமே என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கால்வாய் முனையில் ஒரு கோயில்

தம்னோன் சதுவாக் கால்வாய் மேக்லோங் ஆற்றில் கூடும் இடம் பாங் நொக் குவெக் எனப்படும். அங்கே ஆற்றோரமாக ஒரு கிறிஸ்தவப் பேராலயம் நிற்கின்றது. தேவமாதாவின் பிறப்பினை முன்னிட்டு அமைந்த அக்கோயிலைப் பாரிஸ் அந்நிய தேச மிஷன் சபையைச் சேர்ந்த குருமார் 1890ஆம் ஆண்டில் தொடங்கினர். 1896ஆம் ஆண்டில் அஃது அபிஷேகம் பெற்றது. கூரிய வளைவுகளும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட பிரெஞ்சுக் கோதிக் முறைக் கட்டடம், தென்னந்தோப்புகளுக்கு இடையே எழுந்து நிற்பது புதுமையாகத் தோன்றும். இங்கே கூடிய சபையாருட் பெரும்பாலார் கால்வாய் வழியே வந்து குடியேறிய சீனக் குடியானவர். வியாபாரத்திற்கென்று வெட்டிய வழியிலே வேதமும் பள்ளியும் வந்து சேர்ந்தன. வழி ஒன்று திறந்தால் எவை எவை அதன்மேல் வருமென்று வெட்டுவோன் அறியான்.

பான் பொங் முதல் காஞ்சனபுரி வரை

நண்பகலில் ஆற்றினை எதிரேறி வடக்கே செல்கின்றோம். ராச்சபுரி கடந்து பான் பொங் என்னும் ஊர் வருகின்றது. பாங்கொக்கினின்று தெற்கே செல்லும் இருப்புப் பாதை 1903ஆம் ஆண்டிலே பெச்சபுரி வரை திறக்கப்பெற்ற காலத்திலேயே பான் பொங் ஒரு நிலையமாயிற்று. அப்பாதை பின்னர் மலேயாவரை நீண்டது. இதனாலேயே 1942ஆம் ஆண்டில் இச்சிற்றூர் ஒரு பெருந்துயரத்தின் வாசலாயிற்று.

ஜப்பானியப் படை அவ்வாண்டு பெப்ருவரியில் சிங்கப்பூரைக் கைப்பற்றியது; பர்மாவிலும் புகுந்தது. பர்மாவிலுள்ள சேனைக்குக் கடல்வழியே உணவும் ஆயுதமும் அனுப்பினால் நேச நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்கள் தாக்கும். ஆதலின் தரைவழி வேண்டுமென்று கருதி, பான் பொங்கினையடுத்த நொங் பிளாடுக் தொடங்கிப் பர்மாவிலுள்ள தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை போடத் துணிந்தனர். இருமுனையினின்றும் வேலை நடந்தது. 1942ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி, 1943ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் இரு பகுதியும் கூடின. மலையும் காடும் மழையும் நிறைந்த நாட்டிலே, பெரும்பாலும் கைக்கருவிகளைக்கொண்டே ஒன்றரை ஆண்டிற்குள் முடிந்த வேலை இது.

ஆக்கியவர் யாவர்? நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர். அவருள் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். இத்தொகை உலகறிந்தது. இவரினும் மிகப் பலர் ஆசியத் தொழிலாளர். பர்மியர், மலாயர், ஜாவானியர், சீனர் ஆகியோருடன், மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொணரப்பட்ட நம் தமிழ் மக்கள் பல்லாயிரவர். போரினால் இரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களிலே வேலையும் அரிசியும் அருகின. சில மாத வேலை, நல்ல கூலி என்ற வார்த்தையை நம்பிப் புறப்பட்டோர் பலர். வலிந்து பிடித்து ஏற்றப்பட்டோரும் பலர். சரக்கு வண்டிகளில் அடைபட்டு பான் பொங் வந்து இறங்கினர். அங்கிருந்து காட்டிற்குள் நடத்திச் செல்லப்பட்டனர். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்திலே வாந்திபேதி பரவிற்று. ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் ஏறக்குறைய 90,000 பேர் என்பது பலரும் கூறும் மதிப்பு. மதிப்பு என்னும் சொல்லைக் கவனிக்க. எண்ணிக்கை என்று கூறுதற்கில்லை.

கைதிகளுடைய முகாமிலே அதிகாரிகள் இருந்தனர், வைத்தியர் இருந்தனர். அவர்கள் ஒளித்து வைத்த தாள்களிலே இறந்தோர் பெயரும் நாளும் புதைத்த இடமும் குறித்தனர். தோட்டத் தொழிலாளிக்கு வைத்தியனும் இல்லை, எழுதுவோனும் இல்லை. பெண்டிரும் பிள்ளைகளும் உடன் சென்ற குடும்பங்களும் உண்டு. கேட்பாரற்ற இடத்தில் குடும்பத்தோடு அழிந்தால், இன்னான் இறந்தான் என்று சொல்லவும் ஆளில்லை.

பெயருள்ள கல்லும் பெயரில்லா மண்ணும்

காஞ்சனபுரி சேர்கின்றோம். குவே யாய் ஆற்றின் குறுக்கே புகழ்பெற்ற இருப்புப் பாலம் நிற்கின்றது. அதன் இரும்புச் சட்டங்கள் ஜாவாவினின்று கொணரப்பட்டவை. வளைந்த மேற்கட்டுடையவை 1943ஆம் ஆண்டுப் பழையன. 1945ஆம் ஆண்டில் குண்டு வீச்சால் தகர்ந்த பகுதியிலே கோணமாக அமைந்த இரண்டு கட்டுகள் போருக்குப்பின் வைத்தவை. பிரெஞ்சு ஆசிரியர் பியேர் பூல் 1952ஆம் ஆண்டில் இப்பாலத்தைப் பற்றி ஒரு கதை எழுதினார். 1957ஆம் ஆண்டில் அது திரைப்படமாயிற்று. அப்படத்திற் காணும் பாலம் இலங்கையிலே, களனி ஆற்றின்மேல் கித்துள்கல என்னுமிடத்தில் அமைத்தது. அக்கதையின் நாயகர் கைதிகளான ஆங்கிலப் படையினர். படத்தைக் கண்டோர் குவாய் ஆற்றினைத் தேடி வந்தனர்; பாலம் நின்ற பகுதியோ அப்போது மேக்லோங் என்றே வழங்கிற்று; பின்னர் அப்பகுதிக்குக் குவே யாய் என்று பெயரிட்டனர். கதை ஒன்று ஆற்றின் பெயரையே மாற்றிற்று.

நகருக்குள்ளே போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் உள்ளது. ஏறக்குறைய 7,000 பேர் அங்கே துயில்கின்றனர். போர் முடிந்தபின், பாதை நெடுகச் சிதறிக்கிடந்த கல்லறைகளைத் தேடி எடுத்து இங்கும், அண்மையிலுள்ள சுங்காய் என்னுமிடத்தும், பர்மாவில் தன்பியூசயாத்திலும் சேர்த்தனர். வரிசை வரிசையாகப் பலகைகள். ஒவ்வொன்றிலும் பெயர், படை, வயது. தாயோ மனைவியோ எழுதிக்கொடுத்த ஒரு வரியும் சிலவற்றில் உண்டு. புல் ஒழுங்காக வெட்டப்பட்டு, பூச்செடி வைக்கப்பட்டிருக்கின்றது. இஃது இறந்தோர்க்குச் செய்யத்தக்க மரியாதை, இதனைக் குறைகூறுவதற்கில்லை.

தமிழர் எங்கே? பாலத்தின் அண்மையிலே ஜப்பானியச் சேனையார் 1944ஆம் ஆண்டில் எழுப்பிய நினைவுத் தூண் ஒன்றுண்டு. அதன்கண் பல மொழிகளிற் பொறித்த வாசகங்களுள் தமிழும் ஒன்று. வேலை வாங்கியவரே இறந்தோரை நினைந்து தமிழிலும் எழுதி வைத்தனர் என்பது வியப்பும் வருத்தமும் தருவது. அதிலே மொழி உண்டு; பெயர் இல்லை. 1990ஆம் ஆண்டில் காஞ்சனபுரியின் கரும்புத் தோட்டம் ஒன்றிலே நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் வெளிப்பட்டன. அவை ஆசியத் தொழிலாளருடையவை என்று கருதப்பட்டன. 2023ஆம் ஆண்டில் காஞ்சனபுரியிலே இறந்த தமிழர்க்கு ஒரு நடுகல் நாட்டினர். போரில் வீழ்ந்தார்க்குக் கல் நடுதல் நம் பழைய மரபு. எண்பது ஆண்டு கழித்து அம்மரபு இங்கே நிறைவேறிற்று. ஆயினும் பழைய நடுகற்கள் பல ஒருவன் பெயரையும் ஊரையும் கூறும். பல்லாயிரவர் பெயரைக் கூறும் கல் எங்கே கிடைக்கும்?

இப்போது காலையிற் கண்டதனை நினைவுகூர்வோம். ஒரே ஆற்றினைச் சார்ந்து, எண்பது ஆண்டுகளுக்குள் இரண்டு வழிகள் தோன்றின. இரண்டிலும் வெட்டியவர் அயல்நாட்டு ஏழைகள். இரண்டிலும் அவர் பெயர் எழுதப்பெறவில்லை. முன்னது கூலி கொடுத்து வெட்டுவித்தது; வெட்டியவர் கரையிற் குடியேறினர்; ஒன்றரை நூற்றாண்டாகியும் அதன்மேல் சந்தை கூடுகின்றது. பின்னது அச்சுறுத்தி வெட்டுவித்தது. வெட்டியவர் பாதையோரத்தில் புதைந்தனர். போருக்குப்பின் அதன் பெரும்பகுதி பெயர்த்தெடுக்கப்பட்டுக் காடாயிற்று. நொங் பிளாடுக்கினின்று நாம் தொக் வரையுள்ள ஏறக்குறைய 130 கிலோமீட்டரில் மட்டும் இன்றும் வண்டி ஓடுகின்றது. உழைப்போனை மனிதனாக நடத்திய வழியிலே வாழ்க்கை தங்கிற்று என்பது இவ்வாறு கற்பிக்கும் பாடம்.

திரும்பும் வழியில்

பாங்கொக் திரும்பும் வழியிலே, மாலை வெயிலில், நக்கொன் பதோம் என்னும் நகரின் பெருந்தூபம் பொன்னிறமாகத் தோன்றும். 120 மீட்டர் உயரமுள்ள இதனைப் பழைய தூபத்தின்மேல் எழுப்பும் வேலையை 1853ஆம் ஆண்டில் மோங்குட் அரசரே தொடங்கினார். அவர் மகன் காலத்தில், 1870ஆம் ஆண்டில், அது நிறைவேறிற்று. இந்நகரம் மிகப் பழைமையானது. இதனைச் சூழ்ந்த நாட்டிற் கிடைக்கும் பழைய கல்வெட்டுக்களின் எழுத்து, நம் பல்லவ எழுத்தின் வழிவந்தது.

இங்கே துவாரவதி என்றோர் அரசு இருந்தது. ஏழாம் நூற்றாண்டிலே இந்தியா போந்த சீன யாத்திரிகர் ஹியூன் சாங் அதன் பெயரைச் சீன ஒலியிற் குறித்துச் சென்றார். பின்னர் இந்நகரிலே இரண்டு சிறிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. ஸ்ரீ துவாரவதியின் தலைவனுடைய புண்ணியம் என்னும் பொருளுடைய வடமொழி எழுத்துக்கள் அவற்றில் இருந்தன. நகத்தளவு வெள்ளியில் எழுதிய சில எழுத்தே, மறைந்துபோன ஓர் அரசினைச் சரித்திரத்திற்கு மீட்டுத் தந்தது. எழுத்தின் வலிமையை உணர இதனினும் வேறு சான்று வேண்டா.

ஆதலின், மாணாக்கர்காள், பழைய மாணவர்காள், நாம் இந்நாட் செலவினின்று ஒரு வேலையைக் கையோடு கொண்டு மீள்வோம். நம் நாட்டு ஊர்கள் பலவற்றினின்று மலேயாவுக்குக் கப்பலேறியோர் மிகப் பலர். அவர்தம் உறவினர் இன்னும் நம்மிடையே உள்ளனர். பாட்டன் ஒருவன் போனான், மீளவில்லை என்ற பேச்சு எத்துணையோ வீடுகளில் உண்டு. அப்பேச்சினை அறிந்த முதியோரோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். விடுமுறையில் ஊர் செல்லும்போது அவர்களிடம் சென்று அமர்ந்து கேளுங்கள். பெயர் யாது? தந்தை பெயர் யாது? எந்த ஊர்? எந்தத் தோட்டம்? எந்த ஆண்டு சென்றான்? இவ்வைந்தனையும் ஒரு தாளில் எழுதி, சொன்னவர் பெயரையும் நாளையும் குறித்து வையுங்கள். கேட்டது எவ்வளவோ அவ்வளவே எழுதுங்கள். ஊகத்தைச் சேர்க்க வேண்டா. ஒரு பெயர் கிடைத்தால் ஒரு பெயர்.

பாதை போட்டவர்க்கு நாம் செய்யக்கூடிய கூலி அதுவே.